திக்காமல் சொன்ன பொருத்தனை

பிப்ரவரி 10

அடேய் கண்ணாடி,

நலம் நலமறிய ஆவல் என்றெல்லாம் ஆரம்பிக்க மாட்டேன். நான் நலமில்லை என்பது உனக்குத் தெரியும். நீ நலமா என்று அறிய இன்றைக்கு எனக்கு ஆவல் இல்லை. போனில் கூப்பிட்டுத் திட்டலாம் என்றால், பேசவே கூடாது என்று டாக்டர் வாயைக் கட்டி வைத்திருக்கிறார். செல்போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் திட்டினால் பாதியில் கோபம் ஆறிவிடும். அதனால்தான் காகிதம். பஸ் நிலையத்தில் காலமெல்லாம் மைக் பிடித்து, பேரே 'மைக்' என்றாகிப் போனவன் கடைசியில் பேனா பிடிக்கிறேன். சிரித்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தாய், சந்தோஷம். வந்தவன் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா? ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் நீ எழுந்து முன்னால் போனதும் என் மனைவி என் தொடையைக் கிள்ளினாள். "என்னங்க, அண்ணன் எங்க போறாரு?" என்றாள். எனக்கும் புரியவில்லை. இத்தனை வருடத்தில் நீ சபையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. உன் பெயரைச் சொல்லவே மூன்று தரம் மூச்சு வாங்குகிறவன் நீ. நீ ஊரில் இருக்கும் வியாழக்கிழமைகளில் ரொட்டிக்காரன் கடையின் பின்னறையில், மாவு மூட்டைகளுக்கு நடுவே நாம் மூவரும் ஜெபிக்கும்போதுகூட நீ என் முழங்கையைத் தொடுவாய். நான் உனக்கும் சேர்த்து வாய் திறப்பேன். அதுதானே நம் வழக்கம்?

அப்படிப்பட்டவன் மைக்கைப் பிடித்து, ஒரே மூச்சில், ஒரு இடத்திலும் தட்டாமல் சொல்லிவிட்டாய். "ஆண்டவர் என் சிநேகிதனோட குரலைக் காப்பாத்துவாரு. அவன் உசுரு இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இந்த இடத்துல நின்னு வேதபாடம் வாசிப்பான். இது அவனுக்காக நான் பண்ற பொருத்தனை."

சபையே அழுதது. "திக்குவாய் திறந்துருச்சு, இதைவிட என்ன அடையாளம் வேணும்?" என்று போதகர் கையை உயர்த்தினார். நீ மத்தியான பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். நான் இங்கே மாட்டிக்கொண்டேன்.

என் தொண்டையைக் கேட்காமல் என் தொண்டையை எப்படியடா நேர்ந்து விடுவாய்?

விஷயத்துக்கு வருகிறேன். கதிர்வீச்சு கொடுத்தும் கட்டி திரும்பி வந்துவிட்டது. இனி குரல்வளையை மொத்தமாக எடுப்பதுதான் வழி என்கிறார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. குரல் கிடையாது. "தள்ளிப் போடாதீங்க. கழுத்து முழுக்கப் பரவிட்டா அப்புறம் கத்திக்கு வேலையே இல்லை" என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதிக் காட்டிவிட்டு வந்தேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆண்டவர் காப்பாற்றுகிறேன் என்று உன் வாயாலேயே சொன்ன குரலை நான் எப்படிக் கத்திக்குக் கொடுப்பேன்?

பதில் போடு. போடாவிட்டாலும் சரி.

மைக்

*

பிப்ரவரி 14

அன்புள்ள மைக்,

கடிதம் கிடைத்தது. பட்டறையில் வைத்தே படித்தேன். படித்துவிட்டு விளிம்பு தேய்க்கிற கல்லில் ஒரு லென்ஸைப் போட்டேன், அளவுக்கு மேல் தேய்த்து அது பிரேமில் நிற்காமல் கழன்று விழுந்தது. "என்னாச்சு உனக்கு?" என்று முதலாளி கேட்டார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. காகிதத்தில்தான் எனக்குத் திக்காது, உனக்குத் தெரியும்.

நீ ஆபரேஷனுக்குப் போக வேண்டும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டு.

அது அடையாளமும் இல்லை, அற்புதமும் இல்லை. அந்த நான்கு வரியை நான் எழுதி வைத்து மனப்பாடம் செய்தேன். இங்கே பஸ் ஏறியதிலிருந்து அங்கே இறங்கும்வரை ஒப்பித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, பையைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டார். பாடமாக ஒப்பித்தால் எனக்குத் திக்காது. அவ்வளவுதான் நடந்தது.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். உன் குரல் கரகரத்துப் போனதைப் போனில் கேட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஜெபிக்கலாம் என்றால், எனக்காக ஜெபிக்கிற ஆளே நீதான். நானாக என்ன செய்வது என்று தெரியாமல் சபைக்கு முன்னால் போய் நின்றேன். ஆபரேஷன் என்று ஒன்று வரும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லையே.

போ. என்னால் நீ உயிரை விட வேண்டாம். நான் புறப்பட்டு வரட்டுமா?

கண்ணாடி

*

பிப்ரவரி 22

கண்ணாடி,

வராதே. வந்தால் சபையார் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுவார்கள். இப்போதே உன் சாட்சியைப் பற்றித்தான் பேச்சு.

மனப்பாடமாம்! யாரிடம் கதை விடுகிறாய்? உன் கல்யாணத்துக்கு 'சம்மதம்' என்கிற ஒரே ஒரு வார்த்தையை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தாயே, மேடையில் வந்ததா? 'ச' என்று ஆரம்பித்து நீ நின்ற நிலையில் உன் மாமனாருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. பெண் சிரித்துவிட்டாள். கடைசியில் நான்தான் பின்னால் நின்று "சம்மதங்கறான்" என்று குரல் கொடுத்தேன். அன்றைக்கு வேலை செய்யாத மனப்பாடம் இன்றைக்கு எப்படி வேலை செய்தது? பதில் சொல்.

அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் ஆள் வந்தவண்ணம் இருக்கிறது. ஒருவர் போனால் இன்னொருவர் தொண்டையில் கை வைக்கிறார். ஒரு அக்கா நேற்று வந்து, "தம்பி, ஆஸ்பத்திரிப் பக்கம் போனீங்கன்னா விசுவாசத்தை வாசல்லயே கழட்டி வெச்சுட்டுப் போற மாதிரி" என்றார். அவருக்குப் பல் வலி வந்தபோது ஆஸ்பத்திரிக்குத்தான் போனார், நான் பார்த்தேன். எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்தேன், என் மனைவி, அதுதான் உன் தங்கச்சி, பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

ரொட்டிக்காரன் மட்டும் வேறு மாதிரி. "டேய், போய் அறுத்துப் போட்டுட்டு வாடா. ரொட்டியில ஒரு ஓரம் பூசணம் பிடிச்சா அதை வெட்டி எறியறதில்லையா?" என்றான். 'பூசணம் பிடித்தால் முழு ரொட்டியையும் எறிய வேண்டும் என்று நீதானே கடையில் எழுதி ஒட்டியிருக்கிறாய்' என்று எழுதிக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான்.

உன் தங்கச்சி எதுவும் பேசுவதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு பை கட்டி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். துண்டு, சட்டை, சோப்பு எல்லாம் தயார். நான் காலால் அதை உள்ளே தள்ளுகிறேன். அவள் பெருக்கும்போது வெளியே இழுத்து வைக்கிறாள். இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பஸ் நிலையத்தில் என் நாற்காலியில் டிக்கெட் கவுண்டர் ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது நடைமேடை என்பதை அவன் ஏதோ துக்கச் செய்தி வாசிக்கிற குரலில் சொல்கிறான். பயணிகள் ஏறத் தயங்குகிறார்கள்.

மைக்

*

மார்ச் 2

மைக்,

கேட்டாய் அல்லவா, பதில் சொல்கிறேன். கல்யாண மேடையில் என் பக்கத்தில் நீ நின்றாய். அதனால் திக்கியது. போன மாதம் நீ தூரத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். அதனால் திக்கவில்லை. கோபப்படாமல் மேலே படி.

நான் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டால் நீ பொறுக்க மாட்டாய். அந்த வார்த்தையை என் வாயிலிருந்து பிடுங்கி நீயே முடித்துவிடுவாய். எல்லோரும் உன்னை நல்ல சிநேகிதன் என்பார்கள். நல்ல சிநேகிதன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ எங்கே பிடுங்கிவிடுவாயோ என்கிற அவசரத்திலேயே எனக்கு இன்னும் திக்கும். இத்தனை வருடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் அதற்கும் வாய் வேண்டுமே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஆரம்பித்தது ஆரம்பித்தாகிவிட்டது. என் மனைவி இறந்த அந்த வாரம், வியாழக்கிழமை ஜெபத்தில் நான் உன் முழங்கையைத் தொட்டேன். நீ என்ன ஜெபித்தாய், நினைவிருக்கிறதா? "ஆண்டவரே, உம்முடைய சித்தத்தை இவன் முழு மனசோட ஏத்துக்கிட்டான், ஸ்தோத்திரம்" என்றாய். நான் ஏற்றுக்கொள்ளவில்லையடா. எனக்கு ஆண்டவரோடு பெரிய சண்டை இருந்தது. ஏன் அவளை எடுத்தீர் என்று சட்டையைப் பிடித்துக் கேட்கத்தான் அன்றைக்கு வந்தேன். நீ எனக்குப் பதிலாக நன்றி சொல்லி அனுப்பிவிட்டாய். வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தை வைத்து நானாகக் கேட்க முயன்றேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது.

உன்னைக் கேட்காமல் உன் தொண்டையை நேர்ந்துவிட்டேன் என்கிறாய். தப்புதான். என்னைக் கேட்காமல் என் துக்கத்தை நீயும் ஒருமுறை நேர்ந்துவிட்டாய்.

இதைக் கணக்குத் தீர்க்க எழுதவில்லை. என் வாயிலிருந்து திக்காமல் வந்தால் அது ஆண்டவரின் வாக்கு என்று நீ நம்புகிறாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன். திக்கினாலும் திக்காவிட்டாலும் அது என் வாய்தான். அதை நம்பிக் கழுத்தைக் கொடுக்காதே.

கண்ணாடி

*

மார்ச் 11

மைக்,

பதில் இல்லை. தபால்காரர் பட்டறை வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்க்கிறேன். அவர் இப்போது என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டுகிறார்.

நேற்று உன் வீட்டுக்குப் போன் போட்டேன். தங்கச்சிதான் எடுத்தாள். "படிச்சாருண்ணே. ஒண்ணும் சொல்லல. செருப்பை மாட்டிக்கிட்டு பஸ் நிலையத்துக்குப் போயிட்டாரு" என்றாள். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன், 'மூ'வோடு நின்றுவிட்டது. அவள் காத்திருந்தாள். பிடுங்கவில்லை. பிறகு நானே கேட்டு முடித்தேன். "படி ஏறினா விசில் அடிக்குதுண்ணே" என்றாள், அழுதாள்.

நான் எழுதியதில் உண்மை இருக்கிறது, எழுதிய நேரம்தான் தப்பு. நோயாளியிடம் போய் மூட்டையை அவிழ்த்தேன். திட்டியாவது ஒரு வரி எழுது. கையில் வேலை ஓடவில்லை. இன்று வலது கண்ணுக்கான லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாள் போட்டுப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடி

*

மார்ச் 15

கண்ணாடி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். ஐந்தாவது நடைமேடை பெஞ்சில், பயணி மாதிரி. பஸ்கள் வந்தன, போயின. உன் கல்யாணம், அந்த வியாழக்கிழமை, எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். நான் ஜெபித்து முடித்ததும் நீ என் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாய். நான் அதை நன்றி என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

வேறு ஒன்றும் எழுத வரவில்லை என்றுதான் சும்மா இருந்தேன். இப்போது எழுதுகிறேன், யாரிடமும் சொல்லாதே.

பொருத்தனை ஒரு சாக்கு. உன் சாட்சி வராவிட்டாலும் நான் வேறு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பேன். கத்திக்கு நான் பயப்படவில்லை. துளைக்கும் பயமில்லை, சிரமப்பட்டாவது பழகிக்கொள்ளலாம். ஜெபம்தான் பயமாக இருக்கிறது.

எனக்கு மனசுக்குள் ஜெபிக்கத் தெரியாதடா. சின்ன வயதிலிருந்து சத்தமாக ஜெபித்தே பழகிவிட்டேன். என் சத்தம் என் காதில் விழுந்தால்தான் ஆண்டவர் காதிலும் விழுகிறது என்று ஒரு எண்ணம். டாக்டர் பேசக் கூடாது என்ற பிறகு உள்ளுக்குள் ஜெபித்துப் பார்த்தேன். 'பிதாவே' என்று ஆரம்பிக்கிறேன். அடுத்த நொடி அடுப்புக்குக் கேஸ் தீர்ந்துவிட்டதே என்று மனசு ஓடுகிறது. அதிலிருந்து ஐந்தாவது நடைமேடைக்குப் போகிறது. திரும்பி வந்து பார்த்தால் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. இது ஜெபமா, வெறும் யோசனையா? யாருக்கு எழுதுகிறோம் என்று முகவரி இல்லாமல் தபால் பெட்டியில் போடுகிற மாதிரி இருக்கிறது. குரல் போய்விட்டால், நானும் ஆண்டவரும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற ஆட்களாகிவிடுவோம். அதற்குப் பதில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுகூட ஒரு நாள் தோன்றியது. பயந்துவிடாதே, ஒரு நாள்தான்.

நீ இத்தனை வருடம் எப்படிச் சமாளித்தாய்? கேட்க வெட்கமாக இருக்கிறது. நான் பேசிய பேச்சில் உன்னிடம் இதைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

டாக்டர் நேற்று தொண்டைக்குள் சின்னக் கண்ணாடி விட்டுப் பார்த்தார். முகம் நன்றாக இல்லை. "இன்னும் வாய்ப்பு இருக்கு, ஆனா இந்த மாசத்தோட சரி" என்றார். பை கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. மூன்று நாளாக நான் அதை உதைக்கவில்லை.

மைக்

*

மார்ச் 18

அன்புள்ள மைக்,

எப்படிச் சமாளித்தாய் என்று கேட்கிறாய். சமாளிக்கவில்லை. எனக்கும் மாவு மூட்டை, லென்ஸ், வாடகை என்றுதான் ஓடும். ஓடிய இடத்திலிருந்தே ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். கேஸ் தீர்ந்துவிட்டது என்று தோன்றினால், 'ஆண்டவரே, கேஸ் தீர்ந்துவிட்டது' என்றே சொல்லேன். அவருக்குத் தெரியாத அடுப்பா? இதற்கு மேல் எனக்குத் தெரியாது. போதகரைக் கேட்டால் அழகாகச் சொல்வார்.

இப்போது நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மறுபேச்சுப் பேசாதே, உன்னால் பேசவும் முடியாது.

பொருத்தனை பண்ணியவன் நான். நேர்ந்தவன்தான் செலுத்த வேண்டும், எதிர்வீட்டுக்காரன் அல்ல. ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடத்தில் நின்று வேதபாடம் வாசிக்கப் போகிறவன் நானே. சனிக்கிழமை மாலை பஸ் ஏறினால் காலையில் அங்கே இருப்பேன், மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவேன். போதகரிடம் போனில் சொன்னேன். சொல்லி முடிக்க அவருடைய காபி ஆறிவிட்டது போலிருக்கிறது, இரண்டு தரம் "லைன்ல இருக்கீங்களா?" என்றார். முடித்ததும் "உங்களால முடியுமா?" என்றார். "மு... முடியாது. வா... வாசிக்கிறேன்" என்றேன்.

மனப்பாடம் செய்ய மாட்டேன். அந்த வாரம் எந்தப் பகுதியோ, அதைத் திறந்து கண்ணால் பார்த்து வாசிப்பேன். கட்டாயம் திக்கும். அடையாளம், அற்புதம் என்று இனி யாரும் பேசக் கூடாது.

உனக்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, நான் எங்கே மாட்டிக்கொண்டாலும் நீ உதட்டைக்கூட அசைக்கக் கூடாது. இரண்டு, ஞாயிறு நான் வாசித்தால், திங்கள் நீ அந்தப் பையைத் தூக்க வேண்டும்.

இதை எழுதும்போதே இரண்டு தரம் எழுந்து போய் அந்தப் பகுதி எவ்வளவு நீளம் என்று வேதாகமத்தைத் திறந்து பார்த்துவிட்டேன். அன்றைக்கு நான்கு வரி. இது ஒரு அதிகாரம்.

கண்ணாடி

*

மார்ச் 25, ஆஸ்பத்திரி

அன்புள்ள கண்ணாடி,

நேற்று முன்தினம் பஸ் நிலையத்தில் உன்னை ஏற்றிவிட்டு வந்த பிறகு எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இப்போது கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். பக்கத்துக் கட்டில்காரர் வாயைத் திறந்து குறட்டை விடுகிறார். குரல் இருக்கிறவர்கள் அதை எதற்கெல்லாம் செலவு செய்கிறார்கள், பார்.

நீ மேடையில் ஏறியதும் சபை சந்தோஷமாக நிமிர்ந்து உட்கார்ந்தது. மறுபடியும் ஓர் அற்புதம் என்று நினைத்திருப்பார்கள். முதல் வசனத்திலேயே நீ நின்றாய். உன் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு குழந்தை சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். எனக்கு நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்துவிட்டது. முன் வரிசைப் பெரியவர் ஒருவர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். நான் சட்டென்று எழுந்து கையை உயர்த்தினேன். யாரும் பேசாதீர்கள் என்று. என்னைப் பார்த்துவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார். போதகரும் எடுத்த மைக்கைக் கீழே வைத்தார்.

பிறகு அந்த வார்த்தை வந்தது. நீயே கொண்டு வந்தாய்.

எத்தனை இடத்தில் நின்றாய் என்று நான் எண்ணவில்லை. நாம் வழக்கமாகக் கடகடவென்று கடந்து போகிற பகுதிதான் அது. நானே எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன், குரல் நன்றாக இருந்தது என்று கை குலுக்குவார்கள். அன்றுவரை அந்தப் பகுதியில் அத்தனை வார்த்தைகள் இருப்பது எனக்குத் தெரியாது. நீ நிற்கிற இடத்திலெல்லாம் அடுத்தது என்ன என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசி வசனத்தை முடித்து நீ புத்தகத்தை மூடியபோது உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தொண்டையில் கை வைக்க வந்த அந்த அக்கா அழுதுகொண்டே, "தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருங்க" என்றார். எல்லோருக்கும் ஒரு நாள் புத்தி வருகிறது.

திங்கள் காலையில் உன் தங்கச்சி பெருக்க வந்தாள். பை கட்டிலுக்கு மேல் இருந்தது. நானே எடுத்து வைத்துவிட்டேன். துடைப்பத்தைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாளைக் காலையில் ஆபரேஷன். இன்று மாலை டாக்டரிடம் எழுதிக் கேட்டேன், கடைசியாக ஒரு தரம் பேசலாமா என்று. "கொஞ்சமா" என்றார். என்ன பேசுவது என்று யோசித்தேன். உன் தங்கச்சியின் பெயரைச் சொன்னேன். தகரத்தில் ஆணி இழுத்த சத்தம் வந்தது. அவள் "ம்" என்றாள். அவ்வளவுதான். போதும் என்று தோன்றிவிட்டது.

பயமாக இருக்கிறதடா. ஜெபம் பண்ணு. உன் பாணியிலேயே பண்ணு.

மைக்

*

மார்ச் 27

மைக்,

நீ இதை எப்போது படிப்பாயோ தெரியாது. நேற்று பட்டறைக்குப் போய்ப் பிரயோஜனமில்லை என்று முதலாளியே திருப்பி அனுப்பிவிட்டார். அறையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், கீழே போய்த் தெருமுனைவரை நடந்தேன், போனை மறந்துவிட்டோமே என்று ஓடி வந்தேன். மத்தியானத்துக்கு மேல் ரொட்டிக்காரன் கூப்பிட்டான். "முடிஞ்சிருச்சுடா. கண்ணு முழிச்சுட்டான். எழுதக் காகிதம் கேக்கறான், திட்டத்தான் இருக்கும்" என்றான்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபித்தேனா என்று கேட்காதே. காலையிலிருந்து ஒரே ஒரு எழுத்துதான் வந்தது. உன் பெயரின் முதல் எழுத்து. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு வருகிறேன். வாசித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவேன்.

கண்ணாடி

*

ஏப்ரல் 25

அன்புள்ள கண்ணாடி,

வீட்டுக்கு வந்துவிட்டேன். கழுத்துத் துளையை மெல்லிய துணியால் மூடிக்கொண்டு நடக்கிறேன். இருமல் வாயில் வராமல் கழுத்தில் வருகிறது, இன்னும் பழகவில்லை. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் ஓரங்கள் சுத்தம் என்று வந்திருக்கிறது. ஆனாலும் இரண்டு வருடம் கண்காணிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஒவ்வொரு தடவை உள்ளே கூப்பிடும்போதும் உன் தங்கச்சியை முதலில் அனுப்பிவிட்டுப் பின்னால் போகிறேன். நிம்மதி என்று எழுத ஆசைதான், பொய் எழுத மாட்டேன்.

நேற்று வியாழக்கிழமை நீ லீவு போட்டு வந்தாயே, அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய், எழுதிக் காட்டுவதற்குள் காகிதமும் தீர்ந்துவிட்டது.

மாவு மூட்டைமேல் வழக்கமாக நான் உட்கார்கிற இடத்தில் நீ உட்கார்ந்தாய். நான் உன் இடத்தில் உட்கார்ந்தேன். ரொட்டிக்காரன் ஜெபித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன், காற்று கழுத்தால் போனது. அப்போது என்ன செய்வதென்று தெரியாமல் உன் முழங்கையைத் தொட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "எ... என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாய். என் காலத்தில் நான் உன்னை ஒரு தரம்கூட அப்படிக் கேட்டதில்லை. நான் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். 'பயமாக இருக்கிறது என்று சொல். ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லாதே.'

நீ அப்படியே சொன்னாய். "ஆ... ஆண்டவரே, இவனுக்குப் ப... ப..." என்று நின்றாய். ரொட்டிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. நீ அந்த ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நானாக உள்ளுக்குள் ஒன்று சொல்லிப் பார்த்தேன். மனசு வேறெங்கும் ஓடவில்லை. உன் வார்த்தை வரும்வரை எனக்கும் நகர இடமில்லை அல்லவா, அங்கேயே நின்றேன். முதல் தரமாக என் சத்தம் என் காதில் விழாமல் ஆண்டவரிடம் பேசினேன். கேட்டார் என்றுதான் தோன்றுகிறது. நீ "பயமா இருக்கு" என்று முடித்தபோது நான் அதைத் தாண்டி வெகு தூரம் போயிருந்தேன். உன் மனைவியைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். ஏன் எடுத்தீர் என்று, உனக்காக அல்ல, எனக்காக. நீ 'ஆமென்' சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னும் ஒரு ஜெபமே முடிந்துவிட்டது.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு அம்மாளிடம் போகிறாயாம், ஞாயிறு வாசிப்பு சுலபமாகும் என்று போதகர் ஏற்பாடு செய்தாராம். தங்கச்சி சொன்னாள். போ, நான் தடுக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமைக்கு மட்டும் திக்காமல் ஜெபிக்கப் பழகிவிடாதே. நீ நிற்கிற இடத்தில்தான் எனக்கு ஜெபம் வருகிறது.

மைக்